பெருகும் குடியிருப்பு, பெருகாத நீர்: வாசகர் கேள்வி பதில்

நீர்ச் சிக்கனம் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆளுக்கு ஆள் பத்து சதவீதம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் போதும், ஊர் எவ்வளவு வளர்ந்தாலும் சமாளித்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

மக்கள்தொகை ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நாளில் பத்து சதவீதம் குறைத்தாலும், அந்த மிச்சத்தைப் புதிதாக வருபவர்கள் ஐந்தே கால் ஆண்டுகளில் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். அதன் பிறகு மறுபடி பழைய அளவுதான். ஒருமுறை செய்யும் சிக்கனம் நெருக்கடியைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

ஆள்வீதப் பயன்பாடு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தால்தான் மொத்தம் ஏறாமல் நிற்கும். அது யாரும் நினைவில் வைத்துச் செய்யாமலே நடக்க வேண்டும். மனவுறுதியை நம்பி நீர்த் திட்டம் போட முடியாது. கழிப்பறை ஃப்ளஷ் நல்ல உதாரணம். அமெரிக்காவில் ஒருமுறை அழுத்தினால் 13 லிட்டர் இறங்கும் கழிப்பறைகள் சாதாரணமாக இருந்தன. 1992-ல் வந்த சட்டம், 1994 முதல் வீடுகளுக்கான புதிய கழிப்பறைகளுக்கு 6 லிட்டரை உச்சவரம்பாக்கியது. இப்போது 4.8 லிட்டரில் வேலை செய்பவை சகஜம். ஒருவர் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்துகிறார் என்றால் 13-லிருந்து 6-க்கு வந்ததில் மட்டும் தலைக்கு 35 லிட்டர் மிச்சம். பழைய வீடு புதுப்பிக்கப்படும் போதெல்லாம், புது வீடு எழும்பும் போதெல்லாம் இந்தக் குறைப்பு தானாக நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1970-ல் இருந்ததைவிடப் பத்து லட்சம் பேர் கூடுதலாக வசிக்கிறார்கள். நகரத்தின் மொத்த நீர்ப் பயன்பாடு அன்றைய அளவைவிடக் குறைவு. இத்தகைய விதிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை. பீங்கானும் தொட்டியும் ஜோடியாக வடிவமைக்கப்பட்டவை. 13 லிட்டருக்குச் செய்த பழைய பீங்கானுக்கு மேல் 6 லிட்டர் தொட்டியை மாட்டினால் ஒரே அழுத்தில் சுத்தமாகாது. இரண்டு முறை அழுத்துவார்கள், மிச்சம் போயே போச்சு. தொட்டிக்குள் செங்கல் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். செங்கல் ஊறிக் கரைந்து, அந்தத் துகள் அடிப்பக்க ரப்பர் மூடியில் சிக்கி ஓயாத கசிவை உண்டாக்கும். பழைய பெரிய தொட்டியாக இருந்தால் மட்டும், மணல் நிரப்பி இறுக மூடிய பாட்டில் ஒன்றைப் போடலாம்.

கேள்வி: எங்கள் மீட்டர் அளவு போன மாதத்தைப் போல இரண்டு மடங்கு. சுவரிலும் தரையிலும் ஈரமே இல்லை. கசிவை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கண்ணால் தேடாதீர்கள், அளந்து தேடுங்கள். இரவு படுக்கும் முன் மீட்டரில் உள்ள எல்லா இலக்கங்களையும், சிவப்பு இலக்கங்கள் உட்பட, எழுதி வையுங்கள். காலையில் முதல் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். குழாய் நீர் நேராக வீட்டுக்குள் வருகிற அமைப்பானால் இதுவே போதும்: எண் நகர்ந்திருந்தால் கசிவு.

நிலத்தொட்டியும் மேல்தொட்டியும் இருக்கிற வீட்டில் மீட்டர் பாதிக் கதையைத்தான் சொல்லும். மேல்தொட்டிக்குக் கீழே நடக்கும் கசிவு, மறுநாள் மோட்டார் போட்டு, நிலத்தொட்டி மீண்டும் நிரம்பும்போதுதான் மீட்டருக்குத் தெரியும். எனவே தொட்டியையே அளவுகோலாக்குங்கள். இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தொட்டிக்குள் வரும் குழாயை மூடுங்கள். உலர்ந்த குச்சியைச் செங்குத்தாக அடிவரை விட்டு, நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். காலை 5 மணிக்கு அதே இடத்தில் மறுபடி. 1.2 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 11 லிட்டர். ஆறு மணி நேரத்தில் 3 செ.மீ. இறங்கியிருந்தால் சுமார் 34 லிட்டர் போயிருக்கிறது, நாளுக்கு 136 லிட்டர். மறுநாள் இரவு ஒரு குளியலறைக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு அளங்கள். அடுத்த இரவு இன்னொன்று. எந்த வால்வை மூடியபோது கோடு இறங்காமல் நின்றதோ, குற்றவாளி அந்தப் பக்கம்தான்.

பெரும்பாலும் அது கழிப்பறைத் தொட்டியாக இருக்கும். மூடியைத் திறந்து நாலைந்து சொட்டு உணவு நிறமி விட்டு, 15 நிமிடம் யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானில் நிறம் இறங்கினால் அடி ரப்பர் பிடிக்கவில்லை. ரப்பர் விறைத்திருக்கலாம், உட்காருமிடத்தில் உப்புப் படிந்திருக்கலாம், சங்கிலி நீளமாகி அடியில் சிக்கியிருக்கலாம். மணத்துக்காகத் தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரை அந்த ரப்பரைத் தின்றுவிடும். இன்னொரு கோளாறு, மிதவை மேலே ஏறியிருப்பது. நீர்மட்டம் நடுக்குழாயின் வாயைத் தொட்டு ஓசையில்லாமல் உள்ளே வழிந்துகொண்டே இருக்கும். வாய்க்கு 2 செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி மிதவையை இறக்குங்கள்.

அங்கும் இல்லையென்றால் நிலத்தொட்டியை வரவு, போக்கு இரண்டையும் மூடிவிட்டு அளங்கள். மட்டம் இறங்கினால் விரிசல். ஏறினால் வெளிநீர் உள்ளே ஊறுகிறது. அது கசிவைவிட மோசம், அந்த நீரைக் குடிக்காதீர்கள். மேல்தொட்டிக்கு ஏறும் குழாய் தொட்டியின் அடிப்பக்கமாக நுழைந்திருந்தால் மோட்டார் அருகிலுள்ள ஒருவழி வால்வையும் சந்தேகியுங்கள். அது பிடிக்காவிட்டால் ஏற்றிய தண்ணீர் இரவெல்லாம் கீழே இறங்கும். தண்ணீர் வீணாகாது, மின்சாரம் வீணாகும்.

வழிவுக் குழாயை நேராகச் சாக்கடையில் செருகி வைத்திருக்கிற வீடுகள் ஏராளம். தொட்டி நாள்கணக்கில் வழிந்தாலும் யாருக்கும் தெரியாது. அதன் வாயை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பல் துலக்கும்போது குழாயை மூடுவதால் எவ்வளவு மிச்சம்?

நிமிடத்துக்கு 6 லிட்டர் விழும் குழாயை 2 நிமிடம் திறந்துவிட்டால் 12 லிட்டர். காலையும் இரவும் துலக்கினால் 24. தாராளமாக மூடுங்கள். ஆனால் மேலே சொன்ன ரப்பர் கசிவு ஒன்று நான்கு பேர் மூடியதையெல்லாம் சேர்த்து விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: நான் ஓர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். மொத்த நீர்க் கட்டணத்தை வீடுகளின் பரப்பளவுப்படி பிரிக்கிறோம். தனித்தனி மீட்டர் வைத்தால் உண்மையில் குறையுமா? வைப்பதில் என்ன சிக்கல் வரும்?

குறையும். அமெரிக்காவில் 2004-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வில், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து அளந்து வசூலித்த குடியிருப்புகளில் சுமார் 15 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், நீங்கள் செய்வதுபோல ஏதோ ஒரு சூத்திரத்தில் பங்கிட்ட இடங்களில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் குளியலுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம் என்று தெரிந்தால் யார்தான் குழாயை மூடுவார்கள்?

சிக்கல்கள் உண்டு. முதலாவது, பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு வழியில் தண்ணீர் வருவதில்லை. ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலிருந்து தனிக் குழாய் இறங்கும். மூன்று வழி என்றால் மூன்று மீட்டர் வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் எல்லா வாளியும் அந்தக் குழாயடிக்குத்தான் போகும். புதிதாகக் கட்டுபவர்கள் ஒரு வீட்டுக்கு ஒரே நுழைவு என்று வரைபடத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, மேல்மாடி. தொட்டி அவர்கள் தலைக்கு மேல் 3 மீட்டரில் இருக்கும், அழுத்தமே சொற்பம். அதில் சல்லடை வைத்த இயந்திர மீட்டரை மாட்டினால் ஷவர் நூலாகிவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் அழுத்த இழப்புக் குறைந்த அல்ட்ராசோனிக் மீட்டரோ, ஒரு அளவு பெரிய மீட்டரோ வையுங்கள்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. சாதாரண மீட்டர் மிக மெல்லிய ஓட்டத்தைப் பதிவு செய்யாது. மணிக்கு 5 லிட்டர் சொட்டும் கழிப்பறை நாளுக்கு 120 லிட்டரைக் கொண்டுபோகும், மீட்டர் முள் அசையாமலே இருக்கலாம். ஆகவே கட்டடத்தின் பொது மீட்டரிலிருந்து எல்லா வீட்டு மீட்டர்களின் கூட்டலையும், தோட்டம், படிக்கட்டுக் கழுவல் போன்ற பொதுச் செலவையும் மாதாமாதம் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் சில சதவீதத்தோடு நின்றால் சரி. பத்தைத் தாண்டினால் தொட்டி வழிவு, புதைகுழாய்க் கசிவு, மெல்லிய சொட்டு மூன்றில் ஒன்று.

பொருத்தும்போது மீட்டரின் மேல் உள்ள அம்புக்குறி நீரோட்டத் திசையில் இருக்கிறதா, படுக்கைவாக்கில் வைக்க வேண்டிய வகையைச் செங்குத்தாக வைத்துவிட்டார்களா என்று நீங்களே பாருங்கள். பிளம்பர் அவசரத்தில் இருப்பார்.

கேள்வி: குடிநீர் வாரியம் அனுப்பும் தண்ணீரில் பெரும்பங்கு வழியிலேயே தொலைகிறது என்கிறார்கள். மண்ணுக்குள் தொலைவதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்களைக் குறைக்கச் சொல்லும் முன் அதைச் சரிசெய்ய வேண்டாமா?

வேண்டும். வரிசை அதுதான் என்பதே எங்கள் கருத்தும். கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்கிறோம், உங்கள் ஊரில் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

ஊர் முழுவதையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கசிவு தேட முடியாது. சில நூறு முதல் இரண்டு, மூன்றாயிரம் இணைப்புகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நுழைவு, அதில் ஒரு மீட்டர் என்று வைப்பார்கள். பிறகு நள்ளிரவு 2 முதல் 4 மணி வரை ஓட்டத்தைப் பார்ப்பார்கள். ஊர் உறங்கும் நேரத்தில் ஓடுவதில் பெரும்பகுதி கசிவு.

1,200 இணைப்புள்ள பகுதியில் இரவு 3 மணிக்கு மணிக்கு 18 கன மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். உறங்காத வீடுகளுக்காக இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் ஒதுக்கினால் 2.4 கன மீட்டர். மீதி 15.6 கசிவு. இதை 24 மணியால் பெருக்குவது புதியவர்கள் செய்யும் தவறு. இரவில் பயன்பாடு இல்லாததால் குழாயில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், கசிவும் உச்சத்தில் இருக்கும். பகலில் இரண்டும் இறங்கும். அதனால் 20 அளவில் பெருக்குவார்கள்: நாளுக்கு 312 கன மீட்டர், அதாவது 3,12,000 லிட்டர். தலைக்கு 100 லிட்டர் கணக்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான தண்ணீர். ஒரு புதுக் குடியிருப்புக்கான நீர் பழைய தெருவுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்து, அதே இரவில் பகுதிக்குள் உள்ள வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுவார்கள். எந்தத் தெருவை மூடியபோது ஓட்டம் திடீரென விழுகிறதோ அங்கே ஒலிக்கோலை வைத்துக் கேட்பார்கள்.

நடுரோட்டில் பீறிட்டு அடிக்கும் உடைப்புதான் பெரிய இழப்பு என்று எல்லோரும் நினைக்கிறோம். மணிக்கு 20 கன மீட்டர் கொட்டும் உடைப்பை ஆறு மணி நேரத்தில் அடைத்தால் இழப்பு 120 கன மீட்டர். வீட்டு இணைப்பு முனையில் மணிக்கு அரை கன மீட்டர் கசிந்து ஆறு மாதம் யார் கண்ணிலும் படாவிட்டால் 2,160. சத்தமில்லாததே அதிகம் தின்கிறது.

அழுத்தத்தைக் குறைப்பது இன்னொரு வழி. பொதுவாகக் குழாய்த் தொகுப்பில் அழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் கசிவும் அதையொட்டிப் பத்து சதவீதம் குறையும். பிளாஸ்டிக் குழாயின் நீள விரிசல் அழுத்தத்தில் விரிந்துகொடுப்பதால் அங்கே பலன் இன்னும் கூடுதல். இரவில் மட்டும் அழுத்தம் இறக்கும் வால்வுகளும் இருக்கின்றன. புது உடைப்புகளும் குறையும்.

இரவு ஓட்டத்தைப் பார்த்துக் கசிவு தேடுவது 24 மணி நேரமும் நீர் ஓடும் ஊருக்குத்தான் பொருந்தும். விட்டுவிட்டுத் திறக்கும் ஊரில் இரவிலும் எல்லாத் தொட்டியும் நிரம்பிக்கொண்டிருக்கும், எது கசிவு, எது பயன்பாடு என்று பிரிக்க முடியாது. குழாய் காலியாகும்போது விரிசல் வழியே சாக்கடை நீரை உறிஞ்சும். திறக்கும்போது முன்னால் ஓடும் காற்று மீட்டரைச் சுழற்றும். நேரம் குறைத்துத் திறப்பதால் தண்ணீர் மிச்சம் என்பது பாதி மாயை. கடைமடைக்காரருக்கு மட்டும் அது முழுப் பஞ்சம்.

முடியாத காரியமில்லை. கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் 1993-ல் அனுப்பிய நீரில் 72 சதவீதத்துக்குக் கட்டணமே வரவில்லை. கசிவும் திருட்டும் சேர்ந்த கணக்கு அது. அந்த ஆண்டு பொறுப்பேற்ற ஏக் சோன் சான் தலைமையில் எல்லா இணைப்புக்கும் மீட்டர், பழைய குழாய் மாற்றம், இரவு பகலாகப் பழுதுபார்க்கும் குழுக்கள், திருட்டு இணைப்புகளை ஒழுங்குபடுத்துதல் என்று இறங்கினார்கள். பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் இழப்பு சுமார் 6 சதவீதத்துக்கு வந்தது. 2006-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கேள்வி: லாஸ் வேகஸில் புல்தரையைப் பிடுங்கினால் பணம் தருகிறார்களாம். குளியலை விட்டுவிட்டுப் புல்லைப் பிடித்தது ஏன்?

இந்தத் தொகுப்பில் எங்களுக்குப் பிடித்த கேள்வி இது.

லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்குக் கொலராடோ ஆற்றில் ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 37 கோடி கன மீட்டர்தான் பங்கு. ஆனால் அங்கே வீட்டுக்குள் பயன்படுத்திய நீர் கழிவுநீராகிச் சுத்திகரிக்கப்பட்டு, அதே ஆற்றின் மீட் ஏரிக்குத் திரும்புகிறது. திருப்பிவிட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் இன்னொரு லிட்டர் எடுத்துக்கொள்ளலாம். ஆகக் குளியலில் சுருக்கியதால் ஏரிக்கு லாபம் குறைவு. புல்லுக்கு விட்டது ஆவியாகிப் போய்விடும், திரும்பாது. பாலைச் செடிகள் உள்ள தோட்டமாகப் புல்தரையை மாற்றினால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 2,000 லிட்டருக்கு மேல் மிச்சமாகிறது. அதனால்தான் பணம். 2021-ல் சட்டமே போட்டார்கள்: சாலை நடுத்திட்டு, கடைமுகப்பு போன்ற இடங்களில் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிந்த பின் ஆற்று நீர் கிடையாது. தனிவீட்டுப் புல்தரைக்கு இது பொருந்தாது. 2002-க்குப் பின் அந்தப் பகுதியில் ஏழு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள், ஆற்றிலிருந்து அவர்கள் தீர்க்கும் நீரோ குறைந்திருக்கிறது.

இதை அப்படியே எல்லா ஊருக்கும் ஒட்ட முடியாது. கழிவுநீரைக் கடலில் விடும் ஊரில், வீட்டுக்குள் மிச்சமாகும் லிட்டரும் முழு லிட்டர்தான். உங்கள் ஊர்த் திட்டத்தைப் படிக்கும்போது ‘எவ்வளவு மிச்சம்’ என்று பார்ப்பதோடு ‘அந்த லிட்டர் பயன்படுத்திய பின் எங்கே போகிறது’ என்றும் கேளுங்கள். பாதித் திட்டங்கள் அங்கேயே ஆட்டம் காணும்.

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறினேன். தண்ணீர் மிச்சமாகிறது. ஆனால் வட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறவே இல்லையே?

லாஸ் வேகஸ் பதிலில் சொன்னதுதான் காரணம். வாய்க்கால் பாசனத்தில் ‘வீணான’ நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மறுபடி கிணற்றுக்கே வந்துகொண்டிருந்தது. பயிர் உறிஞ்சி ஆவியாக்குவது மட்டுமே வட்டாரத்துக்கு உண்மையான செலவு. சொட்டுநீர் அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மிச்சமான நீரில் பக்கத்து அரை ஏக்கரையும் பயிரிட்டாலோ, தண்ணீர் அதிகம் கேட்கும் பயிருக்கு மாறினாலோ ஆவியாவது முன்னைவிடக் கூடும். உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போவதால் இது சின்ன விஷயமில்லை. சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கும்போதே எடுக்கும் அளவுக்கும் பரப்புக்கும் வரம்பு போடாவிட்டால் நீர்மட்டம் ஏறாது. குறை உங்களுடையதல்ல, திட்டத்தினுடையது.

உங்கள் கையில் இருப்பது சீரான ஓட்டம். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் 3 நிமிடத்தில் 200 மி.லி. விட வேண்டும். வயலின் நான்கு மூலை, நடு என்று 16 இடங்களில் கிண்ணம் வைத்துப் பிடியுங்கள். மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரி, மொத்தச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அடைப்பு. கடைசிச் செடி வாடாமலிருக்க நீங்கள் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டுவீர்கள், முதல் செடி மூழ்கும். பக்கவாட்டுக் குழாய்களின் கடைமூடியைக் கழற்றித் தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவைத் தொட்டால் கழுவுங்கள்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் தண்ணீர் தீரும் நாளைத் தேதி குறித்துவிட்டுத் தப்பியது. எப்படி?

2015-ல் நாளுக்கு 120 கோடி லிட்டர் அளவில் இருந்த பயன்பாட்டை 2018-ல் 50 கோடியை ஒட்டி இறக்கினார்கள். 2018 பிப்ரவரி 1 முதல் தலைக்கு 50 லிட்டர் வரம்பு. அதிகம் எடுத்த வீடுகளில் குறிப்பிட்ட அளவோடு தானாக மூடிக்கொள்ளும் கருவி, பகுதிவாரியாக அழுத்தக் குறைப்பு, உயர்ந்த கட்டணம், வீடுவாரியான பயன்பாட்டைக் காட்டும் பொது வரைபடம் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. விவசாயத்துக்கான ஒதுக்கீடும் கடுமையாக வெட்டப்பட்டது, பிறகு மழையும் வந்தது. நகரவாசிகளின் வாளி மட்டும் காப்பாற்றியது என்று சொல்வது விவசாயிகளுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டு பின்விளைவுகளை மற்ற ஊர்கள் கவனிக்க வேண்டும். விற்பனை பாதியானால் வருமானமும் சரியும், குழாய்க்கும் ஊழியருக்கும் ஆகும் செலவு சரியாது. அங்கே இணைப்பின் அளவுக்கேற்ற நிலைக்கட்டணம் கொண்டுவந்தார்கள். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனையா என்று மக்கள் கொதித்தார்கள். இந்தக் கணக்கை வறட்சிக்கு முன்பே விளக்கிவிடுவது நல்லது. இரண்டாவது, எல்லாச் சதையையும் முன்கூட்டியே குறைத்துவிட்ட ஊரில் அடுத்த வறட்சிக்குக் குறைக்க எலும்புதான் மிஞ்சும். அதனால் சிக்கனத்தில் கிடைத்த நீர் முழுவதையும் புது இணைப்புகளுக்கு எழுதிக் கொடுத்துவிடாமல், ஒரு பங்கை அணையிலோ நிலத்தடியிலோ விட்டுவைக்க வேண்டும்.

கேள்வி: கட்டணத்தை ஏற்றினால் தானாகக் குறையாதா?

கொஞ்சம் குறையும். பல ஆய்வுகளின் நடுவளவை எடுத்தால், பத்து சதவீத உயர்வுக்கு மூன்று, நான்கு சதவீதக் குறைவு. தோட்டமும் நீச்சல்குளமும் உள்ளவர்களிடம் கூடுதல், குடிக்கவும் குளிக்கவும் மட்டும் எடுப்பவர்களிடம் ஏறக்குறைய பூஜ்யம். ‘அதிகம் எடுத்தால் அதிக விலை’ என்ற படிநிலைக் கட்டணத்தில் ஒரு ஓட்டை உண்டு: மூன்று குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் ஏழைகளானாலும் மேல்படி விலையைக் கட்டுவார்கள், தனியாக வாழும் பணக்காரர் கீழ்ப்படியில் இருப்பார். தலைக்கணக்கைச் சேர்க்காத படிநிலை நியாயமானதல்ல.

கேள்வி: பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுக் கடிதம் அனுப்பினால் வெட்கத்தில் குறைப்பார்களா?

கொஞ்ச நாளைக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் காப் கவுண்டியில் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்துச் சோதித்தார்கள். சிக்கன யோசனைகளை மட்டும் அனுப்பியதில் பலன் 1 சதவீதம் அளவே. அக்கம்பக்கத்து ஒப்பீட்டையும் சேர்த்தபோது கிட்டத்தட்ட 5 சதவீதம். போகப் போகப் பலன் மங்கியது. கோடை வறட்சி நெருங்கும்போது கையிலெடுக்க வேண்டிய கருவி இது.

கேள்வி: வாஷிங் மெஷின் நீரைத் தோட்டத்துக்கு விடலாமா? செடி கருகுமா?

விடலாம். மெஷினின் வெளியேற்றுக் குழாயோடு மூவழி வால்வு ஒன்றைப் பொருத்துங்கள்: ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் தோட்டம். கைக்குழந்தையின் துணி, ப்ளீச் போட்ட துணி துவைக்கும் நாளில் சாக்கடைப் பக்கம் திருப்ப வேண்டும். தோட்டக் குழாய் 25 மி.மீ.-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் மெஷினின் மோட்டார் திணறும். மேட்டில் உள்ள தோட்டத்துக்கு அந்த மோட்டார் ஏற்றாது.

நீரை மரங்களைச் சுற்றி மூடாக்கு நிரப்பிய குழிகளில் இறக்குங்கள். தெளிப்பானில் விடாதீர்கள், கிழங்கு, கீரைக்கு வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கினால் நாறும். சொட்டுவான் வைக்காதீர்கள், துணிப்பஞ்சு ஒரே வாரத்தில் அடைத்துவிடும். செடி கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் சோப்புத்தூளில் உள்ள சோடியம். திரவ சோப்புக்கு மாறுங்கள், போராக்ஸ் இல்லாததாகப் பாருங்கள். இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறதா, மண்ணில் வெள்ளைப் பொருக்குத் தட்டுகிறதா? சில வாரம் நல்ல நீரோ மழையோ விட்டுக் கழுவுங்கள். சமையலறை நீரில் கொழுப்பு இருக்கும், அதைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் கேட்கும். அப்படிச் செய்த நீரையும் அதே ஓட்டைக் குழாயில்தான் அனுப்புவார்கள்.

கேள்வி: மொட்டைமாடி 100 சதுர மீட்டர். மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். 20 மி.மீ. பெய்தால் 2,000, தெறிப்பும் ஊறலும் போக 1,700 வரும். தொட்டி அளவை மழையிலிருந்து கணக்கிடாமல் மழையில்லாத நாள்களிலிருந்து கணக்கிடுங்கள். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 20 லிட்டர், தொடர்ந்து 90 நாள் மழை இல்லை என்றால் 7,200 லிட்டர். அதற்கு மேல் வருவதை நிலத்தில் இறக்கும் குழிக்கு விடலாம். குளிக்கவும் துவைக்கவும் சேர்த்துத் தேக்க நினைத்தால் தொட்டி வீட்டளவு ஆகிவிடும்.

முதல் மழையில் ஒரு மி.மீ., அதாவது உங்கள் மாடிக்கு 100 லிட்டர், தொட்டிக்குள் போகக் கூடாது. அதை ஒதுக்கும் செங்குத்துக் குழாயின் அடியில் நீர் மெல்ல வடிய ஒரு சிறு துளை இருக்கும். இலைத்தூள் அதை அடைத்துவிட்டால் குழாய் எப்போதும் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கெல்லாம் நேராகத் தொட்டிக்குப் போகும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது தண்ணீர் கொட்டினால், போன மழையில் அது வேலை செய்யவில்லை.